நட்சத்திரம் அணை என்றால் பள்ளத்தாக்கு எது?

ஜனவரியில் விடிகாலை ஊட்டிக்கு அருகே தலைகுந்தா பக்கம் போனால் ஒரு வேடிக்கை பார்க்கலாம். இரவெல்லாம் வெட்டவெளியில் நின்ற காரின் கூரையில் உப்பைக் கொட்டியதுபோல உறைபனி படிந்திருக்கும். பத்தடி தள்ளி மரத்தடியில் நின்ற கார் லேசாக நனைந்திருக்கும், அவ்வளவுதான். இரண்டையும் சுற்றி இருந்தது ஒரே காற்று. அது 2, 3 டிகிரியில்தான் இருந்திருக்கும். பிறகு எப்படி ஒரு கூரை மட்டும் பூஜ்யத்துக்குக் கீழே போனது?

வேலையைச் செய்தது வானம். எந்தப் பொருளும் தன் வெப்பத்தைக் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியாக வீசிக்கொண்டே இருக்கும். நாம் குளிரில் நடுங்கும் 5 டிகிரிகூட இயற்பியல் கணக்கில் நல்ல சூடுதான். அந்தச் சூட்டில் இருக்கும் கார் கூரை வீசும் ஒளியின் அலைநீளம் சுமார் 10 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அதிர்ஷ்டவசமாக, 8 முதல் 13 மைக்ரான் வரை நம் காற்று மண்டலத்தில் ஒரு ஜன்னல் திறந்திருக்கிறது. கூரையின் வெப்பம் அதன் வழியாக நேரே விண்வெளிக்குப் போய்விடும். மேகமோ நீராவியோ சேர்ந்தால் ஜன்னல் மூடிக்கொள்ளும். அதனால்தான் மேகமூட்டமான இரவில் உறைபனி விழுவதில்லை. 2,200 மீட்டர் உயரத்தில், வறண்ட பனிக்காலக் காற்றில் நன்றாகவே விழுகிறது. மரத்தடிக் காருக்கு மேலே இலைகள் இருக்கின்றன. இது வீசும் வெப்பத்துக்குப் பதிலாக அவையும் கொஞ்சம் வீசிவிடும். தாவரவியல் பூங்காவில் பூச்செடிகளை மிலார் செடிகளைப் போட்டு மூடுவதும் இதே காரணத்துக்குத்தான்.

நட்சத்திர ஆற்றலைப் பற்றி எழுத உட்கார்ந்துவிட்டு உறைபனியில் ஆரம்பித்ததற்குக் காரணம் உண்டு. நீலகிரியின் பைக்காரா அணையில் தண்ணீர் நிறைந்து நின்றால் மட்டும் மின்சாரம் வந்துவிடாது. அது சிங்காரா மின்நிலையத்துக்குச் சுமார் 900 மீட்டர் இறங்குகிறது. அந்த இறக்கம்தான் டர்பைனைச் சுற்றுகிறது. ஊட்டி ஏரியை எவ்வளவு ஆழமாகத் தோண்டினாலும், தண்ணீர் இறங்க இடமில்லையென்றால் ஒரு பல்புகூட எரியாது. ஆற்றலுக்கும் இதே விதி. மேற்பரப்பில் 5,500 டிகிரி கொதிக்கும் சூரியன் நம் அணை. குளிர்ந்து கிடக்கும் இருண்ட வானம் பள்ளத்தாக்கு.

சூரியன் தரும் ஆற்றலைப் பூமி சேர்த்து வைத்துக்கொள்வதில்லை. ஏறக்குறைய அவ்வளவையும் வானத்துக்கே திருப்பிக் கொடுத்துவிடுகிறது, ஆனால் சில்லறையாக. சூரியனிடமிருந்து ஒரு ஒளித்துகள் வந்தால், சுமார் 20 அகச்சிவப்புத் துகள்கள் வெளியே போகின்றன. நூறு ரூபாய்த் தாளை வாங்கி ஐந்து ரூபாய்க் காசுகளாகத் திருப்பித் தருவதுபோல. இந்தச் சில்லறை மாற்றும் வேலைக்கு நடுவில்தான் மழை பெய்கிறது, தேயிலை துளிர்க்கிறது.

சரி, இப்போது பெரிய கனவுக்கு வருவோம். சூரிய ஒளியில் பூமிக்குக் கிடைப்பது சுமார் 220 கோடியில் ஒரு பங்கு. மிச்சத்தையும் பிடித்தால் என்ன என்று 1960-ல் இயற்பியலாளர் ஃப்ரீமன் டைசன் ஒரு சிறு கட்டுரை எழுதினார். சூரியனை மூடும் கெட்டியான ஓடு ஒன்றைப் பலர் கற்பனை செய்துகொள்கிறார்கள். அப்படி ஒன்று நிற்காது. கொஞ்சம் நகர்ந்தாலும் அதைப் பழைய இடத்துக்கு இழுத்துவர எந்த விசையும் இல்லை. டைசன் மனதில் இருந்தது தனித்தனியாகச் சுற்றிவரும் எண்ணற்ற பொருள்களின் கூட்டம், விளக்கைச் சுற்றும் ஈசல்போல.

எனக்குப் பிடித்தது அவருடைய அடுத்த வாதம். அந்தக் கூட்டம் பிடித்த ஆற்றலை எல்லாம் பயன்படுத்தி முடித்ததும், கழிவு வெப்பமாக வெளியே தள்ளியே ஆக வேண்டும். இல்லையென்றால் உருகிப்போகும். பூமி சுற்றும் தூரத்தைப்போல இரு மடங்கு தூரத்தில் அதைக் கட்டினால் அது ஏறக்குறைய பூமியின் சாதாரண வெப்பநிலையில் இருக்கும். அதனால் சுமார் 10 மைக்ரானில் ஒளிரும். ஆமாம், தலைகுந்தா கார் கூரை வீசுகிற அதே ஒளி! வேற்றுலகவாசிகள் ரேடியோவில் நமக்கு வணக்கம் சொல்லாமல் இருக்கலாம். கழிவு வெப்பத்தை மறைக்க அவர்களாலும் முடியாது. அதைத் தேடுங்கள் என்றார் டைசன். 2024-ல் ஓர் ஆய்வுக் குழு சுமார் 50 லட்சம் நட்சத்திரங்களை அலசி, வெப்பம் கூடுதலாகத் தெரிந்த 7-ஐப் பிரித்தெடுத்தது. அப்புறம் பார்த்தால், அவற்றில் சிலவற்றுக்குப் பின்னால் வெகுதொலைவில் ரேடியோ அலை வீசும் பொருள்கள் இருந்தன. கூடுதல் வெப்பம் அங்கிருந்து வந்ததாக இருக்கலாம்.

அணையை உயர்த்தும் யோசனைகளும் உண்டு. சூரியனில் ஹைட்ரஜன் ஹீலியமாகும்போது நிறையில் 0.7 சதவீதம்தான் ஆற்றலாகிறது. வேகமாகச் சுழலும் கருந்துளைக்குள் பொருள் சுழன்று விழும்போது 42 சதவீதம் வரை வெளிவர முடியும். கருந்துளையின் சுழற்சியையே உறிஞ்சலாம் என்று 1969-ல் இயற்பியலாளர் ரோஜர் பென்ரோஸ் காட்டினார்.

பள்ளத்தாக்குப் பக்கத்திலிருந்து யோசித்தவர்கள் குறைவு. 2019-ல் ஆய்வாளர் ஆஸ்வத் ராமனும் கூட்டாளிகளும், வானம் பார்த்த ஒரு தகடு இரவில் குளிர்வதை வைத்தே மின்சாரம் எடுத்தார்கள். தகட்டுக்கும் சுற்றியுள்ள காற்றுக்கும் இடையிலான வெப்ப வேறுபாடு ஒரு சிறு எல்இடி விளக்கை எரிய வைத்தது. சதுர மீட்டருக்கு 25 மில்லிவாட், சோலார் பலகையோடு ஒப்பிட்டால் சிரிப்பு வரும். ஆனால் அது வேலை செய்தது சூரியன் இல்லாத நேரத்தில், உறைபனியை உண்டாக்கும் அதே வழியில்.

இன்னும் விசித்திரமான கணக்கு 2017-ல் வந்தது. சூரியனே இல்லை, அதன் இடத்தில் அதே அளவு தெரியும் ஒரு கருந்துளை என்று வைத்துக்கொள்வோம். இப்போது எல்லாம் தலைகீழ். பிரபஞ்சம் பிறந்த பெருவெடிப்பின் மிச்சச் சூடு நிறைந்த வானம், வெறும் 2.7 கெல்வின்தான் (சுமார் மைனஸ் 270 டிகிரி) என்றாலும், அணை ஆகிவிடுகிறது. அதைவிடக் குளிர்ந்த கருந்துளைதான் பள்ளத்தாக்கு. பூமி அளவு கோள் ஒன்று இந்த வித்தியாசத்திலிருந்து எடுக்கக்கூடியது சுமார் 900 வாட். முழுக் கோளுக்கும் சேர்த்துத்தான். ஊட்டியில் ஒரு வீட்டுக் குளியலறை கீசருக்கே 2,000 வாட் வேண்டும்.