மியூசியத்துக்குப் பழைய பொருள் கொடுக்க வேண்டுமா? முதல் நாள் வெறுங்கையோடு போங்கள்

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் தெருப் பெரியவர் ஒருவர், பின்னி மில்லில் வேலை பார்த்த அப்பாவின் பித்தளை டோக்கனையும் சங்கக் கூட்டத்துப் போட்டோ இரண்டையும் ஓர் அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோனார். "வச்சிட்டுப் போங்க சார், மேடம் வந்ததும் பார்ப்பாங்க" என்றார்கள். துண்டில் சுற்றியிருந்ததை அப்படியே மேசையில் வைத்துவிட்டு வந்தார். ரசீது கிடையாது. நான்கு வருஷம் கழித்துப் பேத்தியைக் கூட்டிக்கொண்டு காட்டப் போனால், "அப்படி எதுவும் இங்கே இல்லையே" என்று பதில். அன்று கூடப் போனவன் நான்.

சட்டம் சொல்வது கொஞ்சம்தான். அன்பளிப்பு என்றால் கொடுப்பவர் உயிரோடு இருக்கும்போதே வாங்குபவர் அதை ஏற்றுக்கொண்டிருக்க வேண்டும் (சொத்து மாற்றுச் சட்டம், பிரிவு 122). பொருளை வாங்கி அலமாரியில் வைத்ததையே ஏற்பு என்று நினைத்துவிடாதீர்கள். அருங்காட்சியகத்தின் குழு பார்த்து, பதிவேட்டில் ஏற்றி, அக்சஷன் நம்பர் (அந்தப் பொருளுக்கான பதிவு எண்) போட்டால்தான் கணக்கு. குழு எப்போது கூடும் என்று கேட்டால் "ஃபைல் மேலே போயிருக்கு" என்பார்கள். எண்பது வயதுக்காரரிடம் சொல்கிற பதிலா இது? இடையில் அவர் போய்ச் சேர்ந்தால், பிள்ளைகள் வாரிசுச் சான்றிதழுக்கு அலைந்து, எல்லாரும் கையெழுத்துப் போட்டு, மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

அதனால் பொருளைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். முதலில் நான்கு பக்கமும் போட்டோ எடுத்து, யாருடையது, எப்படி உங்கள் கைக்கு வந்தது என்று ஒரு பக்கம் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். கூப்பிட்ட பிறகு போகலாம். கொடுக்கிற அன்றே ரசீது வேண்டும். அதில் பொருளின் விவரம், எண்ணிக்கை, தேதி, சீல் எல்லாம் இருக்க வேண்டும். "பரிசீலனைக்காக மட்டும் பெறப்பட்டது" என்று ஒரு வரியும் சேர்க்கச் சொல்லுங்கள். முகம் சுளிப்பார்கள், பரவாயில்லை. சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரம் பதிந்தே ஆகவேண்டும் என்று எந்தப் புரோக்கராவது சொன்னால் நம்பாதீர்கள். அசையும் பொருளுக்கு ஒப்படைப்பே போதும், 123-வது பிரிவு அப்படித்தான் சொல்கிறது.

எதை எடுப்பார்கள்? "நூறு வருஷப் பழசு" என்றால் உடனே வாங்கிக்கொள்வார்கள் என்பது நம் ஆட்களின் நினைப்பு. நூறு வருஷக் கணக்கு 1972 தொல்பொருள் சட்டத்துக்கானது (ஓலைச்சுவடி, கையெழுத்துப் பிரதிக்கு 75). அருங்காட்சியகம் பார்ப்பது வேறு. ஏற்கெனவே இதே போல் இருக்கிறதா, கறையானும் பூச்சியும் அரித்திருக்கிறதா, வைக்க இடம் உண்டா, முக்கியமாக, இது நிஜமாகவே உங்களுடையதா? ராயபுரம் ஸ்டேஷனில் வேலை பார்த்த தாத்தாவின் கை விளக்கு ரயில்வே சொத்தா, தாத்தா சொத்தா என்று கேட்டால் உங்களிடம் என்ன பதில் இருக்கிறது? பணி ஓய்வின்போது கொடுத்தது என்றால் அந்தப் போட்டோவைத் தேடி எடுங்கள். அந்த மாதிரிப் பொருளுக்கு எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தைவிட ஐ.சி.எஃப். (ரயில் பெட்டித் தொழிற்சாலை) பக்கமிருக்கும் ரயில் அருங்காட்சியகம்தான் பொருத்தம்.

"எப்பவும் கண்ணாடிப் பெட்டியில் அப்பா பேரோடு வைக்கணும்" என்று நிபந்தனை போட்டால் பெரும்பாலும் அங்கேயே முடிந்தது. பெரும்பாலான அருங்காட்சியகங்களில் நிறையப் பொருள் கிடங்கில்தான் கிடக்கும். மனசு கேட்கவில்லையென்றால் கொடுக்காதீர்கள். கொடுத்த பிறகு நினைத்தபோது திருப்பிக் கேட்க முடியாது.

சில பொருள்களில் வம்பே இருக்கிறது. காசிமேட்டுப் பக்கம் பழைய வீடுகளில் வேளா மீன் (ரம்பம் போல நீண்ட மூக்குள்ள மீன்) கொம்பு வைத்திருப்பார்கள். 2001 முதல் அது வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. ஆமை ஓடு, யானைத் தந்தமும் இதே கதைதான். முதலில் வனத்துறையைக் கேளுங்கள். பழைய கல், உலோகச் சிலை இருந்தால் மத்திய தொல்லியல் துறையில் பதிவு செய்த சான்று இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாமல் கொண்டுபோனால் கோயில் சிலையோ என்ற சந்தேகம் உங்கள் தலையில்தான் விழும். வீட்டுக்குக் கடைக்கால் தோண்டும்போது கிடைத்த காசு, செம்பு எதுவும் "உங்களுடையது" இல்லை. 1878-ஆம் வருஷப் புதையல் சட்டப்படி, பத்து ரூபாய்க்கு மேல் மதிப்பிருந்தாலே கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும். ஆம், இன்னும் அதே பத்து ரூபாய்தான். அப்புறம், 1914-இல் ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் போட்ட குண்டு என்று சொல்லி வீட்டில் இரும்பு எதையாவது வைத்திருந்தால், அதைத் தொடாமல் முதலில் போலீசுக்குப் போன் போடுங்கள்.

ஏற்கெனவே ரசீதில்லாமல் கொடுத்துவிட்டீர்களா? அரசு அருங்காட்சியகம் என்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, கொடுத்த மாதம், வருஷத்தைக் குறித்து, "இந்தப் பொருளின் அக்சஷன் நம்பர் என்ன, பதிவேட்டில் அந்தப் பக்கத்தின் நகல் வேண்டும்" என்று மட்டும் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். புலம்பலை அதில் சேர்க்காதீர்கள், அதையே காரணமாக்கி இழுத்தடிப்பார்கள்.

எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு நேரில்தான் போவேன் என்றால், முதல் நாள் வெறுங்கையோடு வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறி, சென்ட்ரலில் மாறி, எழும்பூரில் இறங்குங்கள். வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம், அன்று அவர்களுக்கு லீவு.