ரிசல்ட் வருவதற்குள் பீரோவைத் திறந்து பாருங்கள்: அரசுப் பள்ளிப் பிள்ளைகள் கல்லூரியில் சேரும் வழி

ப்ளஸ் டூ கடைசிப் பரீட்சை முடிந்த கையோடு என் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஒரு வீட்டுப்பாடம் கொடுப்பேன். பீரோ, டிரங்குப் பெட்டி, சாமி படத்துக்குப் பின்னால் செருகிய கவர் என்று காகிதம் இருக்கக்கூடிய இடமெல்லாம் தேடி, சாதிச் சான்றிதழ், ஆதார், பத்தாம் வகுப்பு மார்க் ஷீட், பேங்க் பாஸ்புக் நான்கையும் பாயில் பரப்ப வேண்டும். நான்கிலும் பெயர், இனிஷியல், அப்பா பெயர், பிறந்த தேதி ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பலருக்கு இருக்காது. ஒன்றில் முத்துலட்சுமி, இன்னொன்றில் முத்துலெட்சுமி. ஆதாரில் இனிஷியலே கிடையாது. "ரெண்டும் என் பொண்ணு பேருதானே சார், இதுக்குப் போயா?" என்று அம்மாக்கள் கேட்பார்கள். நமக்குத் தெரியும், கம்ப்யூட்டருக்குத் தெரியாதே அம்மா.

மார்க் குறைந்து இடம் போனவர்களைவிட, சான்றிதழ் இல்லாமலும் தேதி தவறியும் நல்ல இடத்தை விட்டவர்களைத்தான் என் வகுப்பறையில் அதிகம் பார்த்திருக்கிறேன். தமிழ்நாட்டில் அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைக்கு இடமும் இருக்கிறது, பணமும் இருக்கிறது. அவை நம்மைத் தேடி வராது, அவ்வளவுதான்.

முதலில் சான்றிதழ்கள்

சாதிச் சான்றிதழ் இல்லாமல் விண்ணப்பித்தால் உங்களைப் பொதுப் பிரிவில் வைத்துவிடுவார்கள். 69 சதவீத இட ஒதுக்கீடு இருக்கும் மாநிலத்தில் அதைவிடப் பெரிய நஷ்டம் கிடையாது. பிற்படுத்தப்பட்டோருக்கு 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5, மிகவும் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சீர்மரபினருக்கு 20, ஆதிதிராவிடருக்கு 15, அருந்ததியருக்கு 3, பழங்குடியினருக்கு 1. மீதி 31 எல்லோருக்கும் பொது.

வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ், தேவைப்பட்டால் இருப்பிடச் சான்றிதழ் எல்லாமே இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கலாம். முதலில் உங்களுக்கு ஒரு கேன் எண், அதாவது விண்ணப்பதாரரின் அடையாள எண், போட்டுத் தருவார்கள். அதன் பிறகு மனு கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், தாலுகா அலுவலகம் என்று மேலே ஏறும். ரிசல்ட் வந்த வாரம் ஊரே அங்கேதான் நிற்கும். ஏப்ரலில் போட்டால் நிதானமாக வந்து சேர்கிற காகிதம், மே மாதக் கடைசியில் போட்டால் கடைசித் தேதியோடு ஓட்டப்பந்தயம் ஓடும். எட்டு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டிலேயே படித்தவர்களுக்குப் பொறியியல் விண்ணப்பத்தில் இருப்பிடச் சான்றிதழ் தேவையில்லை. பெங்களூரிலோ மும்பையிலோ சில வருடம் படித்துவிட்டு வந்த பிள்ளைகளுக்குத்தான் தேவை.

முதல் பட்டதாரிச் சலுகையில் குழப்பம் அதிகம். குடும்பத்தில் அப்பா, அம்மா, தாத்தா, பாட்டி, அண்ணன், அக்கா யாரும் பட்டம் வாங்கியிருக்கக் கூடாது. அக்கா இந்தச் சலுகையில் படித்திருந்தால் தம்பிக்குக் கிடையாது. வருமான வரம்பு இல்லை. ஒற்றைச்சாளரக் கலந்தாய்வில் தொழிற்படிப்புக்குச் சேர்ந்தால்தான் கல்விக் கட்டணத்தில் கழிப்பார்கள். மேனேஜ்மென்ட் சீட்டில் சேர்ந்துவிட்டு இந்தச் சான்றிதழை நீட்டிப் பயனில்லை. சான்றிதழோடு பெற்றோரும் மாணவரும் கையெழுத்திடும் கூட்டு உறுதிமொழியும் வேண்டும்.

7.5 சதவீதம் யாருக்கு?

அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு 2020இல் மருத்துவப் படிப்புக்கு முதலில் வந்தது. நீட் வந்த பிறகு அரசுப் பள்ளிப் பிள்ளைகள் மருத்துவக் கல்லூரிப் பக்கமே போக முடியவில்லை என்பதை ஆராய்ந்த நீதிபதி கலையரசன் குழு 10 சதவீதம் பரிந்துரைத்தது. அரசு 7.5 என்று சட்டம் இயற்றியது. மறு ஆண்டு, நீதிபதி முருகேசன் குழு அறிக்கைக்குப் பின், பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் எல்லாவற்றுக்கும் விரிந்தது.

தகுதி ஒன்றுதான்: ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளி. மாநகராட்சி, நகராட்சிப் பள்ளிகள், ஆதிதிராவிடர் நலப் பள்ளிகள், கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள், வனத்துறைப் பள்ளிகள் எல்லாம் இதில் சேரும். அரசு உதவி பெறும் பள்ளி சேராது. இந்த ஒரு வரியில் ஏமாந்த குடும்பங்கள் நிறைய. வாத்தியார் சம்பளம் அரசு கொடுப்பதால் அதுவும் அரசுப் பள்ளிதான் என்று நினைத்திருப்பார்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 25 சதவீத இடத்தில் தனியார் பள்ளியில் எட்டாவது வரை படித்து, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவர்கள் தகுதியுள்ளவர்கள். இதைத் தெரியாமல் விட்டவர்களும் உண்டு.

இந்த ஒதுக்கீட்டுக்குத் தனி ரேங்க் பட்டியல் போடுவார்கள். உங்கள் பெயர் பொதுப் பட்டியலிலும் இருக்கும், இதிலும் இருக்கும். இதில் இடம் பெற்றுச் சேர்ந்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் மூன்றையும் அரசே ஏற்கும் என்று 2021 செப்டம்பரில் அறிவிப்பு வந்தது. தனியார் பொறியியல் கல்லூரியாக இருந்தாலும் அரசு ஒதுக்கீட்டு இடத்துக்கு இது பொருந்தும். ஆறு முதல் பன்னிரண்டு வரை எந்தெந்தப் பள்ளி என்பதற்கு ஆதாரம் எமிஸ் பதிவுதான், அதாவது பள்ளிக்கல்வித் துறை கம்ப்யூட்டரில் வைத்திருக்கும் மாணவர் விவரம். இடையில் பள்ளி மாறிய பிள்ளைகள், தலைமையாசிரியரிடம் எமிஸில் விவரம் சரியாக ஏறியிருக்கிறதா என்று பள்ளி இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

பொறியியல்: சாய்ஸ் லிஸ்டில்தான் விஷயம்

தமிழ்நாட்டில் பொறியியலுக்கு நுழைவுத் தேர்வு கிடையாது. 2006இல் இயற்றிய சட்டத்தால் அது போனது. இப்போது ப்ளஸ் டூ மார்க்தான் எல்லாம். கணிதத்தில் வாங்கியது அப்படியே, இயற்பியலிலும் வேதியியலிலும் வாங்கியதில் பாதி. கணிதம் 86, இயற்பியல் 78, வேதியியல் 84 என்றால் 86, 39, 42 சேர்த்து கட் ஆஃப் 167. மொத்தம் 200க்கு. ஒரே கட் ஆஃபில் பலர் இருந்தால் முதலில் கணித மார்க், அப்புறம் இயற்பியல் என்று பார்த்துக்கொண்டே போய், கடைசியில்தான் சமவாய்ப்பு எண், அதாவது கம்ப்யூட்டர் குலுக்கிப் போடும் ரேண்டம் நம்பர்.

2019 முதல் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் கலந்தாய்வை நடத்துகிறது. முன்போல மஞ்சப்பையோடு கிண்டி அண்ணா பல்கலைக்கழகத்துக்குப் பஸ் ஏற வேண்டியதில்லை, எல்லாம் ஆன்லைன். வீட்டில் கம்ப்யூட்டர் இல்லாதவர்களுக்கு மாவட்டந்தோறும் சேவை மையங்கள் இருக்கின்றன. பணம் வாங்காமல் விண்ணப்பித்துக் கொடுப்பார்கள். பக்கத்து பிரவுசிங் சென்டருக்குப் போனாலும் தப்பில்லை, ஆனால் ஒன்று: மொபைல் நம்பர் உங்களுடையதாக இருக்கட்டும். அவசரத்தில் கடைக்காரர் தன் நம்பரையே போட்டுவிட, ஓடிபி வரவேண்டிய நேரத்தில் கடை பூட்டியிருந்து ஒரு பையன் வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தான். என் மாணவன்தான். அன்று சாயங்காலம் ஐந்து மணியோடு நேரம் முடிந்தது.

ரேங்க் வந்த பிறகு சுற்று சுற்றாகக் கூப்பிடுவார்கள். உங்கள் சுற்றில் சில நாட்களுக்குள் சாய்ஸ் நிரப்ப வேண்டும். ஒரு கல்லூரி எண், அதில் ஒரு பாடப்பிரிவு, இது ஒரு சாய்ஸ். எத்தனை வேண்டுமானாலும் போடலாம். பத்தோடு நிறுத்திவிட்டு இடமில்லை என்று கண்கலங்குபவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம்தான் வரும். ஐம்பது, அறுபது போடுங்கள்.

வரிசைதான் இங்கே உயிர். உங்கள் முறை வரும்போது கம்ப்யூட்டர் முதல் சாய்ஸைப் பார்க்கும். அதில் உங்கள் பிரிவில் இடமிருந்தால் கொடுத்துவிட்டு நின்றுவிடும், அதற்குக் கீழே பார்க்கவே பார்க்காது. இல்லையென்றால்தான் இரண்டாவது. ஆகவே கிடைக்காது என்று நினைக்கும் கிண்டிப் பொறியியல் கல்லூரியை முதலில் போட்டால் எதுவும் குறைந்துவிடாது. தவறு எதில் வருகிறது என்றால், 'எதற்கும் இருக்கட்டும்' என்று வீட்டுப் பக்கத்துக் கல்லூரியை மேலே போடுவதில். திருநெல்வேலி அரசுப் பொறியியல் கல்லூரியில் சிவில் வேண்டும் என்று ஆசைப்படும் பிள்ளை, பயத்தில் ஒரு தனியார் கல்லூரியை மேலே ஏற்றினால் அதுதான் கிடைக்கும். அரசுக் கல்லூரி இடத்தை அடுத்தவர் எடுத்துக்கொண்டு போவார். ஆசைப்படும் வரிசையில் போடுங்கள், பயப்படும் வரிசையில் வேண்டாம்.

கல்லூரிப் பெயரை நம்பாதீர்கள், எண்ணை நம்புங்கள். ஒரே சாமி பெயரில், ஒரே நிறுவனர் பெயரில் இரண்டு மூன்று கல்லூரிகள் இருக்கும். பாடப்பிரிவுக்குப் பக்கத்தில் 'எஸ்எஸ்' என்று இருந்தால் அது சுயநிதிப் பிரிவு. அரசு உதவி பெறும் பெரிய கல்லூரிகளில் ஒரே படிப்பு இரண்டு வகையிலும் இருக்கும், கட்டணம் வேறு வேறு. சாதா பிரிவை மேலேயும் எஸ்எஸ்ஸைக் கீழேயும் வைப்பது வழக்கம்.

தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் பதில் சொல்ல வேண்டும். 'அக்செப்ட் அண்ட் ஜாயின்' என்றால் இது போதும், சேர்கிறேன். 'அக்செப்ட் அண்ட் அப்வர்ட்' என்றால் இது என் கையில் இருக்கட்டும், பட்டியலில் இதற்கு மேலே இருப்பதில் ஏதாவது காலியானால் மாற்றுங்கள். 'டிக்ளைன் அண்ட் அப்வர்ட்' என்றால் இது வேண்டாம், மேலே இருப்பது கிடைத்தால் மட்டும். கடைசியாகச் சொன்னது சூதாட்டம். நன்றாக யோசித்தவர்கள் மட்டும் தொடலாம். பெரும்பாலான பிள்ளைகளுக்கு இரண்டாவதுதான் பொருத்தம். ஆனால் அதைத் தேர்ந்தெடுத்தவர்கள் குறித்த நாளுக்குள் சேவை மையத்தில் பணம் கட்ட வேண்டும். கட்டாவிட்டால் கையில் இருப்பதும் போய்விடும். எந்தப் பதிலும் சொல்லாமல் விட்டாலும் போய்விடும்.

கலை அறிவியல்

அரசுக் கலை அறிவியல் கல்லூரிகளுக்கு ஒரே ஆன்லைன் விண்ணப்பம். கட்டணம் 48 ரூபாய், பதிவுக்கு 2 ரூபாய். ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு அந்த 2 ரூபாய் மட்டும். விண்ணப்பம்தான் பொது, ரேங்க் பட்டியல் கல்லூரிக்குக் கல்லூரி தனி. கலந்தாய்வும் அந்தந்தக் கல்லூரியில் நேரில். ஒரே நாளில் இரண்டு ஊரில் கூப்பிட்டால் எதற்குப் போவது என்பதை முதல் நாளே முடிவு செய்துகொள்ளுங்கள். மொழிப்பாடம் நீங்கலாக 400க்குக் கணக்கிடுவார்கள். தமிழ், ஆங்கில இலக்கியம் கேட்டால் அந்த மொழிப் பாட மார்க். உதவி பெறும் கல்லூரிகளுக்கும் தனியார் கல்லூரிகளுக்கும் நேரடியாக அங்கேயே விண்ணப்பிக்க வேண்டும்.

தனியார் கல்லூரி எதுவானாலும், முடிவு செய்யும் முன்பே ஒரிஜினல் டிசியைக் கொடுத்துவிடாதீர்கள். கொடுத்துவிட்டுக் கலந்தாய்வில் நல்ல இடம் கிடைத்தால், அதைத் திரும்ப வாங்க நடக்கிற நடை இருக்கிறதே! ஒரிஜினல் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்துவைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018இலேயே சொல்லிவிட்டது. சொல்லுங்கள், கேட்பார்கள்.

வேளாண்மைக்குக் கோவை வேளாண் பல்கலைக்கழகம், கால்நடை மருத்துவத்துக்கு அதற்கான பல்கலைக்கழகம், சட்டத்துக்கு அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் என்று தனித்தனி விண்ணப்பம். ஒன்று போட்டால் எல்லாவற்றுக்கும் போகும் என்று நினைக்க வேண்டாம்.

மாதம் 1,000 ரூபாய்

ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டம், 2022 செப்டம்பரில் வந்தது. பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன், 2024 ஆகஸ்டில். இரண்டிலும் மாதம் 1,000 ரூபாய் நேராக வங்கிக் கணக்கில் விழும். 7.5 சதவீதத்தில் வெளியே நின்ற உதவி பெறும் பள்ளிப் பிள்ளைகள், தமிழ் வழியில் படித்திருந்தால் இங்கே உள்ளே வந்துவிட்டார்கள். வேறு உதவித்தொகை வாங்கினாலும் இது கிடைக்கும். பட்டப்படிப்புக்கு மட்டுமில்லை, பாலிடெக்னிக், ஐடிஐ படிப்பவர்களுக்கும் உண்டு. தொலைதூரக் கல்விக்குக் கிடையாது.

இதற்குத் தனியாக எங்கேயும் போய் நிற்க வேண்டாம், சேர்ந்த கல்லூரி வழியாகவே விண்ணப்பம் போகும். பணம் வராத பிள்ளைகளை விசாரித்தால் பெரும்பாலும் கணக்கோடு ஆதார் இணைந்திருக்காது, அல்லது பள்ளி உதவித்தொகைக்காக எப்போதோ திறந்த கணக்கு செயல்படாமல் கிடக்கும். கல்லூரி திறக்கும் முன் ஒருமுறை வங்கிக்குப் போய் வாருங்கள்.

ஒரு பாடத்தில் போய்விட்டவர்கள் வீட்டுக்குள் முடங்கிக்கொள்கிறார்கள், போனைக்கூட எடுப்பதில்லை. அதே ஆண்டு துணைத் தேர்வு நடக்கிறது. அதில் தேறியவர்களுக்குப் பொறியியலில் துணைக் கலந்தாய்வும் உண்டு, அதற்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். ப்ளஸ் டூவில் அறிவியல் பிரிவு எடுத்துத் தேறியவர்கள் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். இரண்டு வருடத்தில் டிப்ளமோ, அப்புறம் பொறியியலில் நேரடி இரண்டாம் ஆண்டு. எங்கேயும் சேராமல் இருக்கும் பிள்ளைகளைக் கூப்பிட்டுச் சேர்த்துவிட 'உயர்வுக்குப் படி' என்ற முகாம்களை நான் முதல்வன் திட்டத்தில் நடத்துகிறார்கள். எங்கே, என்றைக்கு என்று தெரியாவிட்டால் பள்ளிக்கல்வித் துறையின் 14417க்குப் போன் போடுங்கள், அல்லது பழைய பள்ளிக்கே வாருங்கள். லீவு நாளிலும் ஆபீஸில் யாராவது இருப்போம்.