முரட்டு ஈ.கோலையை விரட்டும் சாது ஈ.கோலை

சிறுநீரக மாற்று அறுவை செய்துகொண்டவர்களை அதிகம் படுத்துவது சிறுநீர்த் தொற்று. புதுச் சிறுநீரகத்தை உடல் நிராகரிக்காமலிருக்க டாக்ரோலிமஸ், மைக்கோபீனோலேட் போன்ற மாத்திரைகளை அவர்கள் விடாமல் சாப்பிட்டாக வேண்டும். அவை எதிர்ப்புச் சக்தியை அடக்கி வைப்பவை. தொற்று வந்தால் ஆன்டிபயாடிக், திரும்ப வந்தால் அதைவிட வீரியமான ஆன்டிபயாடிக் என்று போய், கடைசியில் மருந்துக்கு மசியாத ஈ.கோலை, கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியாக்கள்தான் மிஞ்சுகின்றன.

இவை குடியிருப்பது பெருங்குடலில். மலவாய் வழியே வெளிவந்து, சிறுநீர்த் தாரைக்குள் நுழைந்து மேலேறுகின்றன. சிறுநீர்ப்பையில் இருப்பதை எத்தனை முறை கொன்றாலும் குடலில் இருப்பு தீராது.

நலமான குடலில் இவை பெருக முடியாது. அங்குள்ள நூற்றுக்கணக்கான வகை பாக்டீரியாக்கள் உணவை முந்திக்கொண்டு தின்றுவிடும்; நார்ச்சத்தை நொதிக்க வைத்து, ஈ.கோலை வகையறாவுக்கு ஒவ்வாத கொழுப்பு அமிலங்களைச் சுரக்கும். ஆன்டிபயாடிக் முதலில் பலிவாங்குவது இந்த நல்ல கூட்டத்தைத்தான். அதைத் திரும்பக் குடியேற்றுவதே மல மாற்று சிகிச்சை. பலகட்டப் பரிசோதனையில் தேறிய ஒருவரின் மலத்தை உப்பு நீரில் கரைத்து, வடிகட்டி, உறைய வைத்து, பிறகு எனிமாவாகவோ மாத்திரையாகவோ கொடுப்பார்கள். அருவருப்பு தோன்றலாம். ஆனால் க்ளாஸ்ட்ரிடியம் டிஃபிசில் என்ற பாக்டீரியாவால் வரும் வயிற்றுப்போக்கு திரும்பத் திரும்ப வந்தவர்களிடம் ஆம்ஸ்டர்டாமில் நடந்த ஆய்வில் (2013) இந்தச் சிகிச்சை பெற்ற 16 பேரில் 15 பேர் குணமானார்கள். வான்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக் மட்டும் பெற்ற 13 பேரில் 4 பேர்தான்.

அதே வழியைச் சிறுநீரக மாற்று செய்துகொண்டவர்களிடம் பயன்படுத்திப் பார்த்தது அட்லாண்டாவின் எமரி பல்கலைக்கழகம். ஆய்வு 2023இல் வெளியானது. சேர்ந்தவர்கள் 11 பேர்தான். சிகிச்சையை முழுமையாக முடித்த 9 பேரில் 8 பேருடைய மலத்தில், இறுதிப் பரிசோதனையின்போது எதிர்ப்புக் கிருமிகள் (மருந்துக்கு மசியாதவை) வளரவில்லை. சிறிய ஆய்வு, முடிவாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனாலும் கிருமிகளின் மரபணுவை வரிசைப்படுத்தியபோது தெரிந்த ஒன்று எனக்குப் பெரும் வியப்பு. சிலரிடம் ஈ.கோலை ஒழியவே இல்லை. எதிர்ப்புத்திறன் கொண்ட ரகம் போய், முன்பு தென்படாத, சாதாரண மருந்துக்கே அடங்கும் வேறொரு ஈ.கோலை ரகம் வந்திருந்தது. இது பேருந்தில் துண்டு போட்டு இடம் பிடிக்கிற கதைதான். இரண்டுக்கும் தேவையான உணவும் இடமும் ஒன்றே என்பதால், ஒன்று உட்கார்ந்துவிட்டால் மற்றதற்கு இடமில்லை. எதிர்ப்புக் கிருமியைக் கொல்ல இன்னொரு புது மருந்து தேடுவதைவிட, அதற்கு இடம் கொடுக்காமலிருப்பது எவ்வளவு நல்ல வழி!

ஆபத்தும் உண்டு. எதிர்ப்புச் சக்தி குறைந்த இருவருக்கு, ஒரே கொடையாளரின் மலத்திலிருந்தே மருந்துக்கு அடங்காத ஈ.கோலை தொற்றியதாகவும், அவர்களில் ஒருவர் இறந்துவிட்டதாகவும் 2019 ஜூனில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. எச்சரித்தது. கொடையாளரின் மலத்தில் எதிர்ப்புக் கிருமிகள் இருக்கின்றனவா என்று தேடுவதை அப்போதே கட்டாயமாக்கினார்கள். 2022இல் ரெபையோட்டா, 2023இல் வவ்ஸ்ட் என இவ்வகையில் இரண்டு மருந்துகளுக்கு அங்கே அனுமதி கிடைத்தது. இரண்டுமே டிஃபிசில் திரும்ப வராமல் தடுக்க மட்டும்.