டிடர்ஜென்ட்: அழுக்ககற்றி என்றால் போதுமா?

டிடர்ஜென்ட் என்றதும் சலவைத்தூள்தான் நினைவுக்கு வரும். உயிர்வேதியியல் ஆய்வகத்தில் அதே சொல், செல்லை உடைத்துப் புரதத்தை வெளியே எடுக்கும் டிரைட்டான் எக்ஸ்-100, எஸ்டிஎஸ் (சோடியம் டோடெசில் சல்பேட்) போன்ற பொருள்களைக் குறிக்கும்.

மூலம் இலத்தீன். டெடெர்கெரே என்றால் துடைத்து நீக்குவது. அழுக்ககற்றி என்ற தமிழ்ச்சொல் இந்தப் பொருளை ஒட்டியே நிற்கிறது. சலவைக்குச் சரி. ஆய்வகத்தில்தான் இடிக்கிறது. துணி துவைத்தால் துணியை வைத்துக்கொண்டு தண்ணீரைக் கொட்டுவோம். இங்கே தலைகீழ்: உடைந்த செல் கலவையை மையவிலக்கியில் சுழற்றிய பிறகு, அடியில் படிந்ததை ஒதுக்கிவிட்டு மேலே தெளிந்த நீரைத்தான் பெரும்பாலும் பத்திரப்படுத்துவோம். தேடும் புரதம் அதில் இருக்கிறது.

செல்லைச் சுற்றியிருப்பது இரண்டடுக்குக் கொழுப்புச் சவ்வு. டிடர்ஜென்ட் மூலக்கூறின் தலை நீரை நாடும், வால் கொழுப்பை நாடும். வால்கள் சவ்வுக்குள் செருகிக்கொண்டே போக, ஒரு கட்டத்தில் சவ்வு துண்டுதுண்டாகப் பிரிந்து மிசெல் எனப்படும் நுண்ணிய உருண்டைகளாகிவிடும். சவ்வில் பதிந்திருந்த புரதமும் அவற்றோடு நீருக்கு வந்துவிடும். இதற்கு லைசிஸ் என்று பெயர். கிரேக்கத்தில் அவிழ்த்தல், தளர்த்தல் என்று பொருள். ‘செல் சிதைவு’ என்று எழுதுகிறோம். ‘அவிழ்ப்பு’ என்றிருந்தால் இன்னும் பொருந்தியிருக்கும் என்பது என் எண்ணம்.

எல்லா டிடர்ஜென்ட்டும் ஒன்றல்ல. டிரைட்டானுக்கு மின்சுமை இல்லை, மென்மையானது; புரதத்தின் வடிவத்தைப் பெரும்பாலும் குலைக்காது. எஸ்டிஎஸ் எதிர்மின்சுமை கொண்டது, முரடு. ஒரு கிராம் புரதத்தோடு சுமார் 1.4 கிராம் ஒட்டிக்கொண்டு அதன் மடிப்பையே பிரித்துவிடும். செல்கள்மேல் அதை ஊற்றினால் டிஎன்ஏவும் கொட்டிவிடும். திரவத்தை உறிஞ்சி எடுக்கும் குழாயான பிப்பெட்டைத் தூக்கினால் சளிபோல நூலாக இழுபடும். அப்புறம் ஒலியலையால் அதிர வைத்து அந்த நூலை அறுக்க வேண்டும். ஐஸில் வைத்தால் எஸ்டிஎஸ் வெள்ளைப் படிகமாக உறைந்துவிடுவது இன்னொரு தொல்லை.

சரி, தமிழில் என்ன சொல்வது? பரப்பு இழுவிசையைக் குறைக்கும் பொருள் என்ற வகையில் ‘பரப்புச்செயலி’ சரியே. ஆனால் அந்தக் குடும்பம் பெரியது; டிடர்ஜென்ட் அதில் ஒரு பகுதிதான். ‘கரைப்பான்’ ஏற்கெனவே சால்வென்ட்டுக்குப் போய்விட்டது. செல்லை உடைக்கும் வேலைக்கு நான் ‘சவ்வுக்கரைப்பி’ என்பேன். ‘அழுக்ககற்றி 1 சதவீதம் சேர்க்கவும்’ என்று செய்முறையில் எழுதினால், படிப்பவர் குடுவையைக் கழுவப் போய்விடுவார்.