கப்பல் எங்கே என்று குரூப்பில் கேட்காதீர்கள்

“தம்பி நாளைக்குக் காலைல கெளம்புறான். நாப்பது நாளைக்கு போன் வராதாம். எல்லாரும் வேண்டிக்குங்க.”

“எங்க பையனும் அதே கப்பல்தான் சார். ரேஷன் ரெண்டு மாசத்துக்கு ஏத்தியாச்சாம்.”

“எம் மவன் தடிமனா ஸ்வெட்டர் வாங்கிட்டேன்னு சொன்னான். அவ்ளோ குளுர்ற எடமா?”

கடற்படையில் பிள்ளைகளை விட்டுவிட்டுக் காத்திருக்கும் பெற்றோர் நடத்துகிற வாட்ஸ்அப் குரூப்களில் பேச்சு இந்த ரகத்தில்தான் ஓடுகிறது. குடும்பங்களுக்கு இணையப் பாதுகாப்பு சொல்லிக்கொடுக்கிற எங்களுக்கு இதைச் சொல்லிச் சொல்லி வாய் வலித்துவிட்டது. “சரிங்க சார்” என்று தலையாட்டுகிறார்கள். மறுநாள் பார்த்தால் குரூப்புக்குப் பெயரே கப்பலின் பெயர், டீபி கப்பலின் படம்.

மேலே உள்ள மூன்று வரியையும் ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். முதல் வரியில் புறப்படும் நாளும் திரும்பும் நாளும் வந்துவிட்டன. இரண்டாவது வரி அதை உறுதிப்படுத்துகிறது. நாற்பது நாள் அறுபதாகவும் நீளலாம் என்ற தகவலையும் சேர்த்துத் தருகிறது. மூன்றாவது வரி, கப்பல் போகிற திசை. எந்தக் கப்பல் என்பதைக் குரூப்பின் பெயரே சொல்லிவிட்டது. எழுதிய மூவரின் போன் எண்ணும் குரூப்பில் இருக்கிற அத்தனை பேருக்கும் தெரியும். அவர்கள் டீபியில் வெள்ளைச் சீருடையில் பையன் நிற்கிறான், நெஞ்சில் பெயர்ப் பட்டையோடு. ஒற்று வேலை பார்ப்பவன் மாதக்கணக்கில் உழைத்துச் சேர்க்க வேண்டியதை, கைகூப்பிய எமோஜியோடு நாமே எடுத்துக் கொடுத்தாயிற்று.

“சேட்டிலைட்லயே எல்லாம் தெரியுமே, நாங்க சொல்றதுல என்ன ஆகப்போகுது?” இதைக் கேட்காத அப்பா கிடையாது. பொறுமையாகவே சொல்கிறேன். உளவு பார்க்கிற செயற்கைக்கோள் ஒரு கப்பலின் தலைக்கு மேலேயே குடை பிடித்துக்கொண்டு நிற்பதில்லை. கடந்து போகும், பிறகு திரும்பி வரும். சாதாரணக் கேமராவாக இருந்தால் நடுவில் மேகம் இருக்கும், இரவு இருக்கும். ஒரு போர்க்கப்பல் மணிக்கு 20 கடல் மைல் வேகத்தில் போகிறது என்று வையுங்கள், அதாவது சுமார் 37 கிலோமீட்டர். 6 மணி நேரத்தில் 222 கிலோமீட்டர் போய்விடும், எந்தத் திசையில் வேண்டுமானாலும். அந்த வட்டத்தின் பரப்பு சுமார் 1.55 லட்சம் சதுர கிலோமீட்டர். தமிழ்நாடு மொத்தமே 1.30 லட்சம்தான். ஆறு மணி நேரம் கண்ணை எடுத்தால், தமிழ்நாட்டைவிடப் பெரிய தண்ணீர்ப் பரப்பில் ஒரு கப்பலைத் தேட வேண்டும். கடலில் அதற்கு இருக்கிற பெரிய பாதுகாப்பே இதுதான். “ஸ்வெட்டர் வாங்கினான்” என்ற ஒரு வரி அந்த வட்டத்தில் பாதியை அழித்துவிடும். “நாளைக்குக் காலைல” என்பது எப்போதிலிருந்து தேட வேண்டும் என்று நேரம் குறித்துக் கொடுக்கும். இப்போதாவது புரிகிறதா?

அடுத்தது, “நம்ம குரூப்ல எல்லாரும் பெத்தவங்கதானே”. யார் சொன்னது? 2019 டிசம்பரில் விசாகப்பட்டினத்தை மையமாக வைத்து நடந்த விசாரணையில் கடற்படையினர் ஏழு பேர் கைதானார்கள். ஃபேஸ்புக்கில் பெண்கள் பெயரில் வந்து பழகியவர்களிடம் தகவல் கொடுத்ததாக வழக்கு. அந்த மாதக் கடைசியிலேயே, கப்பலிலும் தளத்திலும் ஸ்மார்ட்போன் கூடாது, ஃபேஸ்புக் கூடாது என்று கடற்படை தடை போட்டது. பயிற்சி பெற்றவர்களே ஏமாறுகிற இடத்தில், கடற்படைத் தளம் இருக்கிற ஊரின் பெயரைச் சேர்த்து ‘கார்வார் அம்மா’ என்று பெயர் வைத்துக்கொண்டு வருகிற ஓர் எண்ணை நீங்கள் எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்?

2025 மே மாதம் கொச்சிக் கடற்படைத் தளத்துக்கே ஒருவர் போன் செய்தார். பிரதமர் அலுவலகத்திலிருந்து பேசுவதாகச் சொல்லி, விமானந்தாங்கிக் கப்பலான ஐஎன்எஸ் விக்ராந்த் இப்போது எங்கே இருக்கிறது என்று கேட்டார். தளத்தில் சந்தேகப்பட்டு போலீசுக்குச் சொன்னார்கள். கோழிக்கோட்டுக்காரர் ஒருவர் கைதானார். தளத்தில் கேட்டால் போலீஸ் வரும். பெற்றோர் குரூப்பில் கேட்டால் பதிலோடு சேர்த்து “நீங்க எந்த ஊர் சிஸ்டர்?” என்ற விசாரிப்பும் வரும்.

“பையனே வாயால சொன்னதுதானே, ரகசியம்னா சொல்வானா?” சொல்வான். பத்தொன்பது வயது, அம்மா குரல் கேட்டால் எல்லாம் சொல்வான். அதனால்தான் கேட்காதீர்கள் என்கிறோம். எங்கே, எப்போது, எத்தனை நாள், இந்த மூன்றைத் தவிர என்ன வேண்டுமானாலும் கேளுங்கள். கூட இருக்கிற பையன்கள் எப்படி, வாந்தி வந்ததா, முட்டி வலி போச்சா, காசு மிச்சம் பிடிக்கிறாயா. (பையன் பையன் என்றே எழுதுகிறேன், மகள்களை மறந்துவிடவில்லை. 2023 மார்ச் 28 அன்று ஒடிசாவில் உள்ள சில்கா கடற்படைப் பயிற்சித் தளத்தில் அணிவகுத்து வெளியேறிய சுமார் 2,600 பேர் கொண்ட முதல் அக்னிவீர் (நான்கு வருடப் பணிக்குச் சேர்க்கப்படுபவர்கள்) அணியில் 273 பேர் பெண்கள். சீருடையில் இருக்கும் மகளின் படத்தை ஸ்டேட்டஸில் வைக்கும் அம்மாக்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். போலிக் கணக்குத் தொடங்குபவர்கள் முதலில் தேடுவது அந்தப் படங்களைத்தான்.)

படம் என்றதும் ஒரு தொழில்நுட்பச் செய்தி. வாட்ஸ்அப்பில் சாதாரணமாகப் படம் அனுப்பினால், அதற்குள் பதிந்திருக்கும் இடக்குறிப்பு நீங்கிவிடும். “தெளிவா இருக்கட்டும்” என்று டாக்குமெண்டாக அனுப்பினால் எந்த இடத்தில், எத்தனை மணிக்கு எடுத்தது என்பது அப்படியே போகும். அது போகாவிட்டாலும், பின்னால் தெரிகிற கப்பலின் விலாவில் வெள்ளையாக எழுதியிருக்கிற எண் போதும், எந்தக் கப்பல் என்று சொல்ல. கைக்கடிகார ஓட்ட ஆப்களும் அப்படித்தான். ஸ்ட்ராவா என்ற அப்படியொரு ஆப் வெளியிட்ட உலக வரைபடத்தில், ராணுவ முகாம்களுக்குள் வீரர்கள் ஓடிய தடங்கள் ஒளிர்ந்தது 2018 ஜனவரியில் உலகத்துக்கே தெரிந்தது.

அப்படியானால் குரூப்பையே கலைத்துவிடலாமா? கூடாது. பிள்ளை கடலில் இருக்கும்போது ராத்திரி இரண்டு மணிக்கு விழித்துக்கொள்கிற ஓர் அம்மாவுக்கு, அதே நேரத்தில் விழித்திருக்கிற இன்னோர் அம்மாதான் மருந்து. எங்கள் வகுப்பால் அதைத் தர முடியாது. குரூப் வேண்டும், ஆனால் செய்திக் கடையாக வேண்டாம்.

கப்பல் வாரியாகச் சேராமல் மாவட்ட வாரியாகச் சேருங்கள். ஒரே கப்பல் பெற்றோர் ஐம்பது பேர் ஓரிடத்தில் கூடினால் பேச்சு கப்பலுக்குத்தான் போகும். மாவட்டக் குரூப்பில் பத்துக் கப்பல், நாலு தளம் கலந்திருக்கும், பேச்சும் தன்னால் மாறும். நேரில் சந்திக்கவும் வசதி. முப்பது பேருக்கு மேல் போனால் இரண்டாகப் பிரியுங்கள். முகம் தெரியாத எண் ஒளிந்திருக்க முடியாத அளவு அதுதான். இன்வைட் லிங்க்கை எங்கேயும் போடாதீர்கள். புதிய உறுப்பினரை அட்மின் ஒப்புக்கொண்டால்தான் சேர முடியும் என்ற செட்டிங்கை இயக்குங்கள். மறையும் மெசேஜை 7 நாளில் வையுங்கள். சேர வருகிறவர் உண்மையான பெற்றோர்தானா என்பதை, ஏற்கெனவே உள்ள உறுப்பினரின் பிள்ளை வழியாக உறுதி செய்யுங்கள். அடையாள அட்டையின் போட்டோ கேட்கவே கேட்காதீர்கள். “வெரிபிகேஷனுக்கு” என்று முப்பது பிள்ளைகளின் சர்வீஸ் அடையாள அட்டைகளைச் சேர்த்து வைக்கிற அட்மின் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், அவர் போன் தொலைந்தால்?

இந்தக் குரூப் செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது. சில்காவில் அணிவகுப்பு பார்க்க அழைப்பு வந்தால் பாலுகாவ்ன் வரை ரயிலில் சேர்ந்து போக ஏற்பாடு செய்யலாம். இந்தியிலோ ஆங்கிலத்திலோ வருகிற கடிதத்தைப் படித்துச் சொல்லலாம். மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு ஒருவர் போகும்போது மற்றவர்களின் சந்தேகங்களையும் கேட்டு வரலாம். ஒருவர் ஆஸ்பத்திரியில் இருந்தால் பக்கத்து ஊர்க்காரர் போய்ப் பார்க்கலாம்.

மௌனம் பற்றி ஒரு வார்த்தை. கப்பல் கரையை விட்டு விலகினால் செல்போன் டவர் கிடையாது. சில பயணங்களில் கப்பலே வேண்டுமென்று தன் ரேடியோ சிக்னல்களைக் குறைத்துக்கொள்ளும். நீர்மூழ்கி என்றால் கேட்கவே வேண்டாம். போன் வரவில்லை என்பதற்கு அர்த்தம் போன் வரவில்லை என்பது மட்டுமே. கப்பல் பார்க்கிற ஆப்பில் தேடி, “மூணு நாளா ஒரே இடத்துல நிக்குது” என்று அழுகிறவர்களுக்கு: போர்க்கப்பல்கள் அந்த ஆப்களுக்குப் போகிற சிக்னலை அணைத்துவிடுவது வழக்கம். நீங்கள் பார்ப்பது கடைசியாகப் பதிவான பழைய புள்ளி.

உண்மையிலேயே விபத்து நடக்கிற நாள் வரும். 2024 ஜூலை 21 அன்று மும்பையில் ஐஎன்எஸ் பிரம்மபுத்ராவில் தீப்பிடித்தது; கப்பல் ஒரு பக்கமாகச் சாய்ந்தது; காணாமல்போன ஒரு மாலுமியின் உடல் பிறகு கிடைத்தது. அந்த மாதிரி நாளில் குரூப்பில் பெயர் போடாதீர்கள், ஊகம் போடாதீர்கள், தொலைக்காட்சி ஸ்கிரீன்ஷாட் போடாதீர்கள். குடும்பத்துக்கு முதலில் சொல்லிவிட்டுத்தான் பெயரை வெளியிடுவார்கள். உங்கள் ஃபார்வர்ட் அதை முந்தினால், ஒரு தாய் தன் மகன் இறந்ததை வாட்ஸ்அப்பில் படிப்பாள்.

முறையான தகவல் உங்களைத் தேடி வர வேண்டுமென்றால் பதிவேட்டில் உங்கள் எண் சரியாக இருக்க வேண்டும். இங்கேதான் பெரும்பாலானோர் கோட்டை விடுகிறார்கள். ரீசார்ஜ் ஆஃபர் முடிந்தது என்று சிம்மை மாற்றிவிடுகிறார்கள். நெருங்கிய உறவினர் பதிவில் பழைய எண் கிடக்கிறது. எண்ணோ வீடோ மாறினால் அந்த வாரமே பையனிடம் சொல்லி அவன் யூனிட் அலுவலகத்தில் திருத்தச் சொல்லுங்கள்.

நம் ஊர் இனிஷியல் இன்னொரு தலைவலி. ஆதாரில் ‘எஸ். முருகன்’, பேங்க் புத்தகத்தில் ‘முருகன் எஸ்’, பையனின் சர்வீஸ் ஆவணத்தில் இனிஷியலை விரித்து ‘முருகன் சுப்பையா’. மூன்றும் ஒரே அப்பாதான் என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது. அக்னிவீருக்கு அரசு தருகிற ஆயுள் காப்பீடு 48 லட்சம் ரூபாய். நாமினி பெயரில் இந்த வித்தியாசம் இருந்தால் எந்த நாளில் அலைய வேண்டி வரும் என்று யோசியுங்கள். இப்போதே ஒன்றாக்கிவிடுங்கள்.

பண மோசடியைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை, சுருக்கமாகச் சொல்கிறேன். “உங்க பையன் அடிபட்டுட்டான், ஆபரேஷனுக்குக் கட்டுங்க” என்றால் பொய். சேவையில் இருப்பவரின் சிகிச்சைக்குப் பெற்றோரிடம் யாரும் காசு கேட்பதில்லை. “போதைப்பொருள் கேஸ், வீடியோ காலிலேயே இருங்க” என்றால் பொய். “நாலு வருஷம் முடிஞ்சதும் அந்த 25 சதவீதத்துல சேர்த்துவிடறேன், மூணு லட்சம்” என்பதும் கடைந்தெடுத்த பொய். அக்னிவீர்களில் அதிகபட்சம் கால் பங்குப் பேரை நிரந்தரமாக்குவது தகுதி பார்த்துத்தான். 2022 கடைசியில் சேர்ந்த முதல் அணிக்கு நான்கு வருடம் முடிவதை ஒட்டி இந்த ஆசாமிகள் பெருகுவார்கள். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு அடியுங்கள். முதல் ஒரு மணி நேரத்தில் சொன்னால் பணத்தை நடுவழியில் நிறுத்திவைக்க வாய்ப்பு இருக்கிறது. பையனின் லீவு தேதி, யூனிட் என்று விசாரித்துப் போன் வந்தால், “பெயரும் பதவியும் சொல்லுங்க, பையன் மூலமா அவனோட டிவிஷனல் ஆபீசரைக் கேட்டுக்கறோம்” என்று சொல்லி வைத்துவிடுங்கள் (டிவிஷனல் ஆபீசர் என்றால் யூனிட்டில் பையனுக்குப் பொறுப்பான அதிகாரி).

கடைசியாக ஒரு வேண்டுகோள், இதைத் திட்டாமல் கேட்கிறேன். பிள்ளை போனில் “இருக்கப் பிடிக்கலம்மா” என்று சொன்னால், அது பயிற்சியின் அலுப்பா, உயிரையே வெறுத்த பேச்சா என்று நேராகக் கேட்டுவிடுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. இரண்டாவது என்றால், ‘பேர் கெட்டுடும், வேலை போயிடும்’ என்று மூடி வைக்காமல் அன்றே யூனிட்டுக்குத் தெரிவியுங்கள். டிவிஷனல் ஆபீசரின் பொறுப்பே அதுதான். உங்களுக்கே இரண்டு வாரமாகத் தூக்கம் இல்லையென்றால் 14416-க்குக் கூப்பிடுங்கள். அது டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண், இலவசம், தமிழிலேயே பேசலாம்.

ஒரு தாளில் பையனின் முழுப் பெயர் (சர்வீஸ் ஆவணத்தில் உள்ளபடி), பெர்சனல் நம்பர் (கடற்படையில் அவனுக்குக் கொடுத்த எண்), பதவி, யூனிட்டின் அஞ்சல் முகவரி, அவன் கொடுத்த அலுவலக எண், 1930, 14416 எல்லாவற்றையும் பேனாவால் எழுதி பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டுங்கள். போட்டோ எடுத்து குரூப்பில் போடாதீர்கள்.