சூழ்நிலையுணர்வு: விமானி அறைக்கு ஒரு சொல்

காசிமேட்டில் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். விமானிப் பயிற்சியில் இருக்கும் அவள் மகன் விடுப்பில் வந்திருந்தான். “அங்க என்னடா சொல்லித் தர்றாங்க?” என்று அம்மா கேட்டார். “சிச்சுவேஷனல் அவேர்னஸ், பாட்டி” என்றவன், என் பக்கம் திரும்பி, “இதைத் தமிழ்ல எப்படி மாமா சொல்றது?” என்றான்.

சுற்றி என்ன நடக்கிறது, அடுத்து என்ன ஆகும் என்பதை விமானி மனதில் வைத்திருப்பதுதான் அது. ‘சூழ்நிலை விழிப்புணர்வு’ என்று எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. விழிப்புணர்வு என்றதும் டெங்கு முகாமும் ஹெல்மெட் பேரணியும்தான் நினைவுக்கு வருகின்றன. அதைவிடப் பெரிய சிக்கல், விழித்திருப்பது வேறு, இது வேறு.

1972 டிசம்பர் 29 இரவு. மயாமியில் இறங்க வந்த ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் 401 விமானத்தில், முன்சக்கரம் இறங்கிவிட்டதைக் காட்டும் விளக்கு எரியவில்லை. விமானத்தை 2,000 அடி உயரத்தில், தானே ஓட்டும் கருவியான ஆட்டோபைலட்டிடம் விட்டுவிட்டு, அறையில் இருந்த அத்தனை பேரும் அந்த விளக்கிலேயே மூழ்கிவிட்டார்கள். உயரத்தை மாறாமல் வைத்திருந்த ஆட்டோபைலட்டின் பிடி விலகி விமானம் மெல்லக் கீழே போனது. அதை யாரும் கவனிக்கவில்லை. சதுப்பு நிலத்தில் மோதி 100 பேருக்கு மேல் இறந்தார்கள். சக்கரம் சரியாகத்தான் இறங்கியிருந்தது, பல்புதான் பழுதாகியிருந்தது. அந்த அறையில் ஒருவரும் தூங்கவில்லை என்பதை யோசித்துப் பாருங்கள்.

சரி, மூலத்துக்கு வருவோம். ‘சிச்சுவேஷன்’ லத்தீன் ‘சிட்டுஸ்’ வழி வந்தது. இருக்கும் இடம் என்று பொருள். ‘அவேர்’ பழைய ஆங்கிலச் சொல், எச்சரிக்கையாக இருப்பதைக் குறித்தது. வாசல் கேட்டில் நாய்ப் படத்தோடு மாட்டும் ‘பிவேர்’ அதற்கு உறவு. 1995இல் மைக்கா எண்ட்ஸ்லி என்ற அமெரிக்க ஆய்வாளர் இதை மூன்று படிகளாக விளக்கினார்: காண்பது, கண்டதன் பொருளை அறிவது, அடுத்து என்ன ஆகும் என்று கணிப்பது. எரிபொருள் முள் இறங்குவதைப் பார்த்தால் மட்டும் போதாது, இன்னும் எத்தனை நிமிடம் பறக்கலாம் என்பதும் மனதில் ஓட வேண்டும்.

என் தேர்வு ‘சூழ்நிலையுணர்வு’. ‘நிலை’ நிற்கும் இடத்தைச் சொல்லிவிடுகிறது. ‘உணர்வு’ பழந்தமிழில் அறிவையும் குறிக்கும். ஆனால் எனக்குப் பிடித்தது ‘சூழ்’. சுற்றியிருப்பது என்பதோடு, கலந்து ஆராய்வது என்ற பொருளும் அதற்கு உண்டு. இன்று சூழ்ச்சி என்றால் சதி. குறளில் அது ஆலோசனை. ‘சூழ்வார்கண் ணாக ஒழுகலான்’ என்கிறது 445ஆம் குறள். ஆராய்ந்து சொல்பவர்களே மன்னனுக்குக் கண்.

விமானி அறையிலும் அப்படித்தான். ஒருவர் ஓட்டுவார், மற்றவர் கண்காணிப்பார். உயரம் குறைந்தால் கேப்டன் எவ்வளவு மூத்தவராக இருந்தாலும் வாய்விட்டுச் சொல்வது இளையவரின் கடமை. 1979இல் நாசா கூட்டிய பட்டறைக்குப் பிறகு இந்தக் கூட்டுவேலை தனிப் பாடமாகவே வளர்ந்தது. விசைப்படகில் போன என் அப்பாவும் வலை இழுக்கும் நேரத்தில் ஓர் ஆளைக் கடலைப் பார்க்க நிறுத்துவார். துறைமுகத்துக்குள் நுழையக் காத்திருக்கும் கப்பல்கள் நங்கூரமிட்டு நிற்கும் கடல் அது.

அப்புறம், ‘லாஸ் ஆஃப் சிச்சுவேஷனல் அவேர்னஸ்’ என்பதற்கு என்ன சொல்வது என்று அக்கா மகன் கேட்டான். ‘இழப்பு’ வேண்டாம், ‘சூழ்நிலையுணர்வு நழுவுதல்’ என்றேன். நழுவுவது நழுவுகிறவருக்கே தெரியாது. பக்கத்தில் இருப்பவருக்குத்தான் தெரியும்.