லோடிங் இண்டிகேட்டர்: தமிழில் என்ன சொல்லலாம்?

இணையச் செயலியில் ஒரு பட்டியலைத் திறக்கிறோம். தரவு சர்வரிலிருந்து வந்து சேரும்வரை பட்டியல் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு வட்டம் சுழலும், அல்லது சாம்பல் நிறக் கட்டங்கள் மினுங்கும், அல்லது 'லோடிங்' என்று எழுதியிருக்கும். இவை எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர் லோடிங் இண்டிகேட்டர்.

முன்பெல்லாம் இதைப் பிரவுசரே பார்த்துக்கொண்டது. நெட்ஸ்கேப் என்ற பழைய பிரவுசரின் மூலையில் இருந்த 'என்' எழுத்து, பக்கம் முழுவதும் வரும்வரை அசைந்துகொண்டிருக்கும். இணையச் செயலிகளை எழுத உதவும் ரியாக்ட், வியூ, ஆங்குலர் போன்ற கட்டமைப்புகளில் பக்கம் பல கம்பொனென்ட்களாக, அதாவது தனித்தனி உறுப்புகளாகப் பிரிந்துவிட்டது. ஒவ்வொன்றும் தன் தரவைத் தானே கேட்டு வாங்குகிறது. 'இன்னும் வரவில்லை' என்று சொல்லும் பொறுப்பும் அதனதன் தலையிலேயே விழுந்துவிட்டது. பிரவுசரின் வேலையாக இருந்தது இப்படித்தான் நிரலாளரின் வேலையானது.

சரி, 'லோட்' எங்கிருந்து வந்தது? பழைய ஆங்கிலத்தில் இதன் மூலச்சொல்லுக்கு வழி, பயணம், சுமந்து செல்லுதல் என்பவையே பொருள். சுமையேற்றுதலைக் குறிக்கும் வேறொரு பழைய ஆங்கில வினை ஒலியில் நெருக்கமாக இருந்தது. வேர் வேறு என்றாலும் அதன் பொருள் மெல்ல இதன்மேல் ஏறிக்கொண்டது. வண்டிக்கும் கப்பலுக்கும் சொன்னதைப் பிறகு துப்பாக்கிக்கும் சொன்னார்கள், கேமராவுக்கும் சொன்னார்கள். கணினிக்கு அது வந்தபோதும் கண்ணுக்குத் தெரிந்த வேலையாகவே இருந்தது. 1952இல் வந்த ஐபிஎம் 701 கணினியில் 'லோட்' என்றே ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் துளையட்டையிலிருந்தோ காந்தநாடாவிலிருந்தோ முதல் கட்டளைகள் நினைவகத்துக்குப் போகும். அங்கே 'ஏற்றுதல்' என்பது அப்படியே பொருந்தும்.

தமிழ் இடைமுகங்களில் பரவலாகக் காணும் 'ஏற்றுகிறது' இந்தப் பொருளை நேராகப் பிடித்ததுதான். ஆனால் திரையில் அது ஒட்டவில்லை. 'ஏறு' தன்வினை, 'ஏற்று' பிறவினை. பிறவினை வந்ததுமே எது ஏற்றுகிறது, எதை ஏற்றுகிறது என்று மனம் கேட்கிறது. ஆங்கில 'லோடிங்'குக்கு எழுவாய் தேவையில்லை. நம் வினைமுற்றுக்குத் தேவை. பேச்சில் யாரும் 'லோட் பண்ணுது' என்று நிறுத்துவதில்லை, 'லோட் ஆகுது' என்கிறோம். ஆங்கிலச் சொல்லைக் கடன் வாங்கினாலும் 'ஆகு' சேர்த்து அதைத் தன்வினையாக்கிவிட்ட அந்தப் பேச்சு வழக்குக்கு, இடைமுகத்தை மொழிபெயர்த்தவரைவிட இலக்கணம் தெரிந்திருக்கிறது என்பேன்.

'ஏற்றக் குறி' என்று பெயர்ச்சொல்லாக்கலாம் என்றால் வேறு சிக்கல். பதிவேற்றம் அப்லோடுக்கு நிலைபெற்றுவிட்டதால், ஏற்றம் என்றதும் கோப்பு இங்கிருந்து மேலே போவதாகவே தோன்றும். நடப்பது அதற்கு எதிர்த்திசை.

இன்னொன்றும் உண்டு. படிவத்தை நிரப்பிச் 'சேமி' பொத்தானை அழுத்தியதும் அதே வட்டம்தான் பொத்தானுக்குள் சுழல்கிறது. அங்கே எதுவும் இறங்கி வரவில்லை, போய்க்கொண்டிருக்கிறது. அந்த நிலைக்கும் நிரலில் 'இஸ்லோடிங்' (லோடிங் நடக்கிறதா) என்றே பெயர் வைத்திருப்போம். எல்லா இடத்திலும் பொதுவாக இருப்பது பயனரின் காத்திருப்பு ஒன்றுதான்.

இந்த இடறல் ஆங்கிலத்திலும் உணரப்பட்டிருக்கிறது. தரவைக் கேட்டு வாங்க உதவும் டான்ஸ்டாக் குவெரி என்ற நிரல் நூலகம் 2023இல் வந்த ஐந்தாம் பதிப்பில் 'லோடிங்' என்ற நிலையின் பெயரையே 'பெண்டிங்' என்று மாற்றியது. ரியாக்ட் 2018இல், 16.6 பதிப்பில், 'சஸ்பென்ஸ்' என்ற வசதியைக் கொண்டுவந்தது. தேவையானது வந்து சேராத கம்பொனென்ட் தன் வரைதலை அப்படியே நிறுத்திவைக்கும். மேலே மிக அருகில் உள்ள சஸ்பென்ஸ் எல்லை, 'ஃபால்பேக்' என்று நாம் கொடுத்த மாற்றுக் காட்சியை அதுவரை காட்டும். பெண்டிங், சஸ்பென்ஸ் இரண்டுமே தொங்குதலைக் குறிக்கும் லத்தீன் வினையிலிருந்து வந்தவை. அந்தரத்தில் நிற்பது என்று நாம் சொல்வதற்குப் பக்கத்தில் வருகிறது. பெண்டிங்குக்கு 'நில்' என்பதிலிருந்து வந்த 'நிலுவை' நம்மிடம் இருக்கிறது. நல்ல சொல்தான். ஆனால் திரையில் பார்த்தால் கட்டாத பாக்கி நினைவுக்கு வரும்.

அதனால் என் தேர்வு 'காத்திருப்புக் குறி'. 'சுட்டி' என்றும் சிலர் சேர்க்கலாம். ஆனால் அது மவுஸுக்கும் இணைப்புக்கும் போய்விட்டது. இதன் கீழ், சுழலும் வட்டமான ஸ்பின்னரைச் 'சுழலி' என்றும், புரோக்ரஸ் பாரை 'முன்னேற்றப் பட்டை' என்றும் சொல்லலாம். சாம்பல் நிறக் கட்டங்களைக் காட்டும் திரைக்கு ஸ்கெலிட்டன் ஸ்கிரீன் என்ற பெயரை 2013இல் வடிவமைப்பாளர் லூக் ரோப்லெவ்ஸ்கி பரவலாக்கினார். அதை எலும்புக்கூட்டுத் திரை என்று எழுதுவதைவிடச் 'சட்டகத் திரை' தேவலை. ஆங்குலர் 17, பக்கத்தின் ஒரு பகுதியைத் தாமதித்துக் கொண்டுவரும் தன் 'டிஃபர்' தொகுதியில், அந்த வேலை தொடங்கும் முன் காட்டுவதைப் பிளேஸ்ஹோல்டர் என்றும், தொடங்கிய பின் காட்டுவதை லோடிங் என்றும் பிரிக்கிறது. முன்னதற்கு 'இடங்காப்பு' பொருந்தும்.

சொல் 'காத்திருப்பு' என்றானதும் குறியை எப்போது காட்டுவது என்பதும் தெளிவாகிவிடும். காத்திருப்பே இல்லாத இடத்தில் குறி எதற்கு? வியூவில் ஒத்திசைவற்ற கம்பொனென்டுக்கு, அதாவது தேவைப்படும்போதுதான் தன் நிரல் வந்து சேரும் கம்பொனென்டுக்கு, லோடிங் காட்டும் முன் 200 மில்லிவிநாடி பொறுப்பது இயல்பமைப்பு (டிஃபால்ட்). நிரல் அதற்குள் வந்துவிட்டால் வட்டம் தலைகாட்டாது, திரை மினுக்கென்று துள்ளவும் செய்யாது. பயன்பாட்டு எளிமை வல்லுநர் ஜேக்கப் நீல்சன் சொல்லும் எல்லைகளும் இங்கே உதவும்: 0.1 விநாடி வரை உடனடி என்றே தோன்றும், 1 விநாடி வரை எண்ண ஓட்டம் அறுபடாது, 10 விநாடி தாண்டினால் கவனம் கலைந்துவிடும். நீண்ட வேலைக்குச் சுழலியை ஓடவிட்டுவிட்டுப் பேசாமல் இருப்பது சோம்பல். முன்னேற்றப் பட்டை வேண்டும்.

குறிக்குப் பெயர் இப்படியிருக்க, திரையில் தோன்றும் வாசகத்தைத் தனியாக யோசிக்கவேண்டும். வட்டத்தைப் பார்க்க முடியாதவருக்குத் திரைவாசிப்பான் அந்த வாசகத்தைத்தான் படித்துக் காட்டும். அதற்காகவே 'ஸ்டேட்டஸ்' என்ற பங்கை (ரோல்) நிரலில் அந்த உறுப்புக்குக் கொடுக்கிறோம். ஒரே பக்கத்தில் மூன்று கம்பொனென்ட்கள் மூன்றுமுறை 'ஏற்றுகிறது' என்றால் கேட்பவருக்கு ஒன்றும் விளங்காது. 'செய்திகள் வருகின்றன', 'படம் திறக்கிறது', 'மாற்றங்கள் சேமிக்கப்படுகின்றன' என்று எழுவாயோடு எழுதினால் எது இன்னும் பாக்கி என்று தெரிந்துவிடும்.